டோனலின் அக்கா

கன்னியர் சபையின் தலைவி மதர் இங்கர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். சிஸ்டரின் கவிதைக் கொப்பியைத் தரவேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பேன். முதியோர் இல்லத்தின் மேலாளர் பக்கத்தில் நின்றார். வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சிஸ்டர் பெர்னதெத் கண்ணை மூடி இன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். தொண்ணூற்றிரண்டு வயது. இங்கே டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் ஆறு வருடம் நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன், தலை வாரி இழுத்துவிட்டேன், சண்டையும் பிடித்தேன்.

மனுசிக்கு ஊர் அயர்லாந்து. கன்னியர் மடத்துக்கு வர முதலே பத்திரிகைகளில் விடுதலைக் கவிதை எழுதியவர். தம்பி டோனலை வட அயர்லாந்து எல்லையில் சுட்டுக் கொன்ற பிறகு எழுதியதெல்லாம் நெருப்பு. மடத்தில், கீழ்ப்படிதல் என்று சொல்லி எழுத்தை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவில்லை என்று தெரிந்ததும் டென்மார்க்குக்கு ஏற்றிவிட்டார்கள். தம்பியின் பெயரையே வாயில் எடுக்கக்கூடாதாம்!

அறுபது வருடம் ஒளித்து ஒளித்து எழுதினார். கொப்பி தலையணை உறைக்குள் கிடக்கும். உறை மாற்றும்போதெல்லாம் நான் அதை எடுத்துத் திரும்ப வைப்பேன்.

செத்த வீட்டில் சபை கொடுத்த தாளில் என்ன இருந்தது தெரியுமா? பிறந்தார், தாதியாக வேலை செய்தார், செபித்தார், ரோசாப்பூக்களை நேசித்தார்.

ரோசாவாம்! ரோசாவைக் கண்டால் தும்மித் தும்மியே உயிரை விடுவார் மனுசி. கவிதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. டோனலும் இல்லை.

டோனலின் பெயரை ஒருவரும் வாசிக்காமலே போகப்போகிறேன் என்று கடைசிக் கிழமையும் அழுதார். அழுதுகொண்டேதான் கொப்பியை என் கையில் தந்தார்.

துறவியின் உடைமை எல்லாம் சபைக்குச் சொந்தம். சட்டம் அவர்கள் பக்கம். என் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

மதர் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு என் தோளைத் தட்டினார்.

“கவலைப்படாதே யசிந்தா. இதை இனி ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.”

ஆறுதல் சொல்கிறாராம், ஆறுதல்!

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அச்சகத் தவராஜா அண்ணை. வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன்.

“தங்கச்சி, முப்பத்தோராம் நாள் மலர் இருநூறும் அடிச்சாச்சு. பின்னேரம் வந்து எடுங்கோ.”

தமிழ் விளங்காத மதர் என்ன விசயம் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடித்துக் கொடுப்போம், சிஸ்டருக்கும் அடித்திருக்கிறேன் என்றேன். மதர் உருகிப்போனார். சபையின் நூலகத்துக்கும் ஒன்று வேண்டுமாம்.

கட்டாயம் அனுப்புகிறேன் என்றேன்.

கொப்பி போனால் போகட்டும். வியாழக்கிழமைகளில் குளித்து முடிய, சிஸ்டர் ஒவ்வொரு வரியாக டேனிஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிய அறுபத்துநாலு கவிதையும் அந்த மலரில் இருக்கின்றன.

முதல் பக்கத்தில், எங்கள் மரண அறிவித்தல்களில் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறேன்:

‘அன்னார், காலஞ்சென்ற டோனல் அவர்களின் பாசமிகு சகோதரியும் ஆவார்.’