ஓரிகன் போகும் உரிமை

"கவலைப்படாதீங்க மாமா, ஓரிகனுக்கு நானே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ருக்மிணி.

சந்தானம் மெல்லுவதை நிறுத்தி மனைவியை முறைத்தான்.

அவன் அப்பா சிவராமகிருஷ்ணன் ஓரிகன் போகத் துடித்தது ஊர் பார்க்க அல்ல, சாக. நோய் முற்றியவர்கள் டாக்டரிடம் மருந்து வாங்கித் தாங்களே குடித்து முடித்துக்கொள்ள அங்கே சட்டம் இருக்கிறது. அவர்கள் வீடு இருந்த கலிஃபோர்னியாவில் அப்போது, 2014-இல், அது இன்னும் பேச்சோடு நின்றது.

சில மாதமாக அவருக்கு வயிற்றுவலி. சோறு இறங்கவில்லை. அண்ணனைக் கொண்டுபோன அதே புற்றுநோய்தான் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். டாக்டரிடம் போகலாம் என்று மகன் கெஞ்சினால், "ஆஸ்பத்திரி முதலாளிங்க கடைடா, நான் வரலை" என்பார். ஆவடியில் தொழிற்சங்கம் நடத்தியவர். கெஞ்சலுக்கா மசிவார்?

லிவர்மோர் கோயிலில் விஷயம் பரவியது. மருமகளுக்கு அப்படி என்ன அவசரம் என்று சாந்தாமணி ஆன்ட்டி காதுபடவே கேட்டாள். சந்தானம் மனைவியோடு பேசுவதையே விட்டான்.

அவளோ மாமனாரை உட்காரவைத்து அந்தச் சட்டத்தை வரி வரியாக விளக்கினாள். வயது, சரி. தெளிந்த புத்தி, அதுவும் சரி. ஓரிகனில் குடியிருக்க வேண்டும், வீடு பார்க்கலாம்.

"இன்னொண்ணு இருக்கு மாமா. ஆறு மாசத்துக்கு மேல தாங்காதுன்னு ரெண்டு டாக்டர் சொல்லணும். அது இல்லாம நீங்க எலிஜிபிள் இல்லை."

"யாரு, நானா எலிஜிபிள் இல்லை? எடு வண்டியை."

ஸ்கேன், ஸ்கோப் எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்காமல் படுத்தார். குடலில் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்றார் டாக்டர். இரண்டாவது டாக்டரும் அதையேதான் சொன்னார்.

"ரெண்டு பேரும் கூட்டு. இதுக்கு அப்பீல் உண்டா?" என்று ஃப்ரீவே முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தார் பெரியவர்.

விசா, கிரீன் கார்டு என்று எதற்கெடுத்தாலும் 'எலிஜிபிள் இல்லை' கேட்டு நொந்த வீடு அது. முதல் தடவையாக அந்த வார்த்தைக்குக் கேசரி கிளறினார்கள்.

சந்தானம் அடுப்பருகே வந்து தயங்கினான். "அவரை நீ நிஜமாவே அனுப்பிடுவேன்னு நினைச்சுட்டேன், ருக்கு."

அவள் நெய்யை ஊற்றினாள்.

"டாக்டர்கிட்ட வாங்கன்னு நீங்க கெஞ்சினீங்க, வரலை. உங்களுக்கு உரிமை இல்லைன்னு நான் சொன்னேன், எனக்கு முன்னாடி போய்க் கார்ல உட்கார்ந்துட்டார்."