முன்னால் போனவர்

"பாரு, எப்படி அழுறான்னு பாரு! குழாயைத் திறந்துவிட்ட மாதிரி!"

கடைசி வரிசையிலிருந்த தொழிற்சங்கத் தலைவர் மனைவியின் காதைக் கடித்தார்.

எழுப்புதல் கூட்டத்தின் கடைசி நாள். "மனந்திரும்ப விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று போதகர் அழைத்ததும், முதல் ஆளாகப் போய் முழங்கால் போட்டவர் பிஸ்கட் ஆலையின் சூப்பர்வைசர். தலைவருக்கும் அதே ஆலையில்தான் வேலை.

"சும்மா இருங்க. பிரசங்கம் உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றாள் மனைவி.

"எனக்கெதுக்கு? வேலை சீக்கிரம் முடியணும்னு பேக்கிங் மெஷினோட பாதுகாப்பு மூடியைக் கழட்டச் சொன்னது அவன். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்த பொம்பளைக்கு விரல் போச்சு. மூடியைக் கழட்டினதே அவதான்னு பொய் சொல்லி வேலையை விட்டும் நிறுத்திட்டான். இப்ப இங்க வந்து தோத்திரமாம்!"

"நாளைக்குத்தானே விசாரணை?"

"ஆமா. அங்க பேசுறேன் பாரு, என் பிரசங்கத்தை!"

கூட்டம் முடிந்தது. வாசலில் தலைவர் வழிமறித்தார்.

"என்ன சார், எழுப்புதல் வந்துடுச்சா? நாளைக்கு விசாரணை வரைக்குமாவது தாங்குமா?"

சூப்பர்வைசர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

"பார்த்தியா? வேஷம்!" என்றார் தலைவர்.

மறுநாள் மேலாளர் அறை. கையில் கட்டோடு அந்தப் பெண் ஓரமாக நின்றாள். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். தொழிலாளியின் ரத்தத்தில் ஆரம்பித்து, சட்டத்துக்குள் புகுந்து, மேலாளரின் மனசாட்சியில் முடிகிற பேச்சு தயாராக இருந்தது.

"ஒரு நிமிஷம் தலைவரே" என்றார் சூப்பர்வைசர். "சார், அந்தம்மா மேல தப்பே இல்லை. மூடியைக் கழட்டச் சொன்னது நான். அவங்க மேல பழி போட்டதும் நான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா உளர்றே? வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தயாரித்த பேச்சை வீணாக்க முடியுமா? தலைவர் ஆலை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"தோழர்களே! சங்கம் வென்றது! பொய்யனின் வாயிலிருந்தே உண்மையைப் பிடுங்கினோம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் வெளியே வந்தார். கூட்டம் ஊளையிட்டது.

தலைவர் பெரிய மனதோடு கையமர்த்தினார். இறங்கிப்போய் அவர் தோளைத் தட்டினார்.

"போகட்டும் சார். லேட்டா சொன்னாலும் நடந்ததை முழுசாச் சொல்லிட்டீங்க."

"முழுசா இல்லை, தலைவரே" என்றார் சூப்பர்வைசர், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "சங்கக் கூட்டத்துக்கு நேரமாகுது, சட்டுனு கழட்டுங்கன்னு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது நீங்கதானே? அதை நான் சொல்லலை. என் பாவத்தை மட்டும்தான் நான் அறிக்கை பண்ண முடியும்."