வருது… வருது!

நோர்பரி வீட்டுப் பின்வளவில் தொலைக்காட்சி டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் பனியில் இறுகிக் கிடந்தது. தமிழ்ச் செய்திக்கு இன்னும் பத்து நிமிடம்தான். உள்ளே சந்திரவதனா இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் செய்தி பார்க்கும் அந்தரம் என்று நினைத்தான் பாலேந்திரா.

சுடுதண்ணீர்ப் போத்தலை மோட்டாரில் அழுத்திப் பிடித்தபடி மனைவியிடம் கத்தினான்.

“இஞ்சரப்பா, வருதோ?”

“வருது… ஆ, விட்டிட்டுது!”

டிஷ்ஷைக் கையால் கொஞ்சம் தள்ளினான்.

“இப்ப?”

“திரும்பவும் வருது!”

“முந்தினதிலும் பாக்க நல்லா வருதோ?”

“ஐயோ, விடாமல் வருது! கெதியா வாங்கோ!”

வெற்றிக் களிப்போடு உள்ளே ஓடினான். தொலைக்காட்சியில் வெறும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன.

“எங்கையப்பா படம்?”

நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள் சந்திரவதனா.

“படமோ? நீங்கள் என்ரை நோவையெல்லே கேக்கிறியள் எண்டு நினைச்சன்!”