நிர்மலின் மணிக்கட்டு

பொம்மனஹள்ளி எக்ஸ்ரே சென்டரில் அசோகனுக்கு வியர்த்துக் கொட்டியது. மகன் நிர்மல் நாளை கிரிக்கெட் டீமில் ஆடுவானா என்பதை அவன் மணிக்கட்டுப் படம்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எலும்பு நுனியில இடைவெளியே இல்ல சார். முழுசா ஒட்டியிருக்கு."

அசோகன் தேம்பி அழுதார்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு தன் முறைக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காந்தா அதட்டினாள். "நல்ல சேதிக்கு யாராவது அழுவாங்களாண்ணா? எனக்கு மூணு வாரமாச்சு, இன்னும் ஒட்டல!"

"கொஞ்சமா ஒரு இடைவெளி இருக்குன்னு எழுதிக் குடுங்க டாக்டர்" என்று அசோகன் கெஞ்சினார்.

"வளர்ற பசங்களுக்குத்தான் அங்க இடைவெளி இருக்கும். நீங்க கேட்டது பதினாலு வயசுக்குட்பட்ட டீம். இந்தக் கை பதினெட்டத் தாண்டிடுச்சு."

நிர்மல் மீசையைத் தடவினான். "அப்ப ஓட்டாவது போடலாமாப்பா?"