அடி லயத்து மீட்டர்

தேயிலை ஃபேக்டரி மீட்டர்களையும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மீட்டர்களையும் கம்ப்யூட்டரில் இணைக்கும் வேலை. தோட்டத்து எலக்ட்ரீசியன் றொபின்சன் வயரைப் பூட்டப் பூட்ட, பண்டாரவளையிலிருந்து வந்த ஜெயரூபன் ஒவ்வொன்றாகத் திரையில் பதிந்தான். வயர் பூட்டாத ஒரு மீட்டரும் பதில் சொன்னது. அது அடி லயத்து மீட்டர். போன மழையில் மலை சரிந்து அந்த லயமே மண்ணுக்குள் போய்விட்டது. றொபின்சனின் மனைவி, தோட்டத்தில் கொழுந்து பறித்த ஷிரோமியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

“இத அழிச்சிரட்டுமாண்ணே?”

“வேணாம் தம்பி. ஒங்க கால்ல விழுறேன். விடியட்டும்.”

இருவரும் இரவெல்லாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விடியும் நேரத்தில் திரையில் அந்த மீட்டரின் கோடு எழுந்தது. முதலில் ஒரு பல்பின் அளவு. பிறகு கரண்ட் கேத்தலின் அளவு.

“தேத்தண்ணி வைக்கிறா” என்றான் றொபின்சன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் கோடு பூச்சியத்துக்கு இறங்கியது, ஒருத்தி லைட்டை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பியதைப் போல. றொபின்சன் பெரட்டுக்களத்துக்கு ஓடினான்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

“நெருங்கி நில்லுங்க” என்று கங்காணி அதட்டினார்.

“இன்னும் எங்கங்க நெருங்குறது?” என்றாள் அந்த இடத்தை ஒட்டி நின்றவள். “இடமே இல்லையே.”