கத்துற குட்டி

செபூ துறைமுகச் சந்தையில் நாய் விற்கும் டோடோங், ஷிட்ஸுவும் பூடிலும் கலந்த மூன்று நாய்க்குட்டிகளைக் காட்டினான்.

“இதை எடுத்துக்கக்கா. போட்ட இடத்துல தூங்கும்.”

“வேண்டாம். மூலையில கத்துதே, அதைக் குடு” என்றாள் நெனித்தா.

டோடோங் தலையில் அடித்துக்கொண்டான். “அதுவா? உள்ளங்கை அளவுதான், தொண்டை மட்டும் கப்பல் சங்கு. கீழ விட்டா ஊரைக் கூட்டும். தூக்கி வச்சு ஊட்டினாத்தான் தின்னும். பகல்ல யாரு பார்த்துக்குவா?”

“என் புருஷன்.”

“ஐயோ பாவம்! அந்த மனுஷன் மேல உனக்கு என்னக்கா கோவம்?”

“நிறைய இருக்கு. குடு.”

வீட்டில் குட்டியைச் சமையற்கட்டில் விட்டுவிட்டு, நெனித்தா வெளியே துணி துவைக்க உட்கார்ந்தாள். குட்டி அலறியது.

“நெனித்தா! காது செவிடாப்போச்சா? அந்தச் சனியனைத் தூக்குடி!” என்று உள்ளேயிருந்து கத்தினார் அவள் கணவர் இசித்ரோ.

அவள் அடுத்த துணிக்குச் சோப்புப் போட்டாள்.

கப்பலில் மூட்டை தூக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தவர் இசித்ரோ. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், மறுபடி விழுந்துவிடும் பயத்தில் மாதக்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காதவர். இப்போது ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்றார். மறுகையில் குட்டி, சத்தமே இல்லை.

“போயும் போயும் இதுதான் கிடைச்சுதா உனக்கு? நாளைக்கே திருப்பிக் குடுத்துடு!”

நெனித்தா துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நீங்களே நடந்துபோய்க் குடுத்துட்டு வாங்க.”