கால் கிலோ கறி

குக்கர் மூன்றாவது விசிலுக்கு முக்கிக்கொண்டிருந்தபோதே வீட்டுக்காரம்மா வசந்தாமணி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"ஏம்புள்ள சரிதா, வாசம் எங்க ஊடு வரைக்கும் வருது. ஒரம்பரை, விருந்தாளி ஆராச்சும் வந்திருக்குதா?"

கேட்டது வாய்தான். கண் சரிதாவின் தோளைத் தாண்டி அந்த ஒற்றை அறைக்குள் புகுந்து, கட்டிலடி வரை தேடிவிட்டு வந்தது. கட்டிலடியில் ஒரு தகரப்பெட்டி மட்டும் இருந்தது.

சரிதா ஜலகண்டாபுரத்துக்குத் தறி வேலைக்கு வந்து, தனியாக இருக்கும் பொம்பளைக்கு வீடில்லை என்று ஏழு வாசலில் கேட்டு, எட்டாவதாகக் கிடைத்த அறை இது. எந்த ஆம்பளையும் வரப்போக இருக்கக் கூடாது என்பதுதான் வசந்தாமணி போட்ட ஒரே நிபந்தனை. ஒண்டிக்கட்டையாக இருப்பவள் வீட்டில் ஆட்டுக்கறி கொதித்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்?

கால் கிலோ கறி. அதிலும் நெஞ்செலும்பாகக் கேட்டு வாங்கியிருந்தாள். சின்ன வெங்காயம் உரித்து, மல்லியும் மிளகாயும் தேங்காயும் வறுத்து, அவசரப்படாமல் அரைத்திருந்தாள்.

கட்டிக்கொண்டு போன வீட்டில் பதினான்கு வருடம் ஐந்து ஆண்களுக்கு ஆக்கிப்போட்டவள் அவள். அவர்கள் கைகழுவி எழுந்த பிறகு, சட்டியில் சோற்றைப் போட்டுப் புரட்டித் தின்றே பாதி வயது போனது. அந்த வீட்டை விட்டு வந்த அன்று பெரிய சபதம் எதுவும் போடவில்லை. இனி முதல் துண்டு எனக்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது.

இதை வசந்தாமணியிடம் எப்படிச் சொல்வது?

"எங்கண்ணன் வாரேன்னு சொல்லியிருக்குதுங்க."

வசந்தாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. கூடப்பிறந்தவன் ஆம்பளைக் கணக்கில் சேரமாட்டான். பார்த்துவிட்டே போகிறேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். நல்ல மனுஷிதான். அதுதான் தொல்லை.

மணி ஒன்றானது. இரண்டானது.

அண்ணன் சாப்பிடாமல் தங்கை தட்டில் கைவைப்பது எந்த ஊர் வழக்கம்? இந்த ஒரு வேளைக்காகவே சரிதா காலையிலிருந்து வெறும் டீயோடு இருந்தாள். பசி காதை அடைத்தது. வசந்தாமணி தன் அண்ணன் சீர் கொண்டுவந்த கதையையும், மகன் யோகேஷுக்குப் பெண் அமையாத கதையையும் விடாமல் சொன்னாள். சரிதா உம் கொட்டினாள். இடையிடையே, வராத அண்ணனுக்காகத் தெருமுனையை வேறு எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. புருஷனை வேண்டாம் என்று அவள் வந்த நாளிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை.

இரண்டரைக்கு வசந்தாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இனி எங்க வாரான்! ஆம்பளைக்குன்னு ஆக்குனத மூடி வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தா ஆகுமா, கண்ணு? யோகேசு இப்பத்தான் ஊட்டுக்கு வந்தான். அவனாச்சும் திங்கட்டும்."

சரிதா துணியால் பிடித்துக் குக்கரை எடுத்து நீட்டினாள்.

அரைமணி நேரத்தில் குக்கர் திரும்பி வந்தது. கழுவித் துடைத்திருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று உள்ளே இரண்டு கரண்டி ரசம் ஊற்றியிருந்தாள் வசந்தாமணி. பையன் விரலைச் சூப்பிச் சாப்பிட்டானாம். அடுத்த ஞாயிறு அண்ணனைக் கட்டாயம் வரச்சொல்ல வேண்டுமாம்.

சரிதா ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தாள். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்குத்தான் ஆக்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும்.

சூரமங்கலத்தில் இதற்கு முன் குடியிருந்த வீட்டில் அவள் அதைத்தான் சொன்னாள். அன்றைக்கும் ஞாயிறுதான். எனக்கே எனக்குத்தான் ஆக்கினேனுங்க என்று, எடுத்து வைத்திருந்த ஒற்றைத் தட்டைக் காட்டிச் சொன்னாள்.

அந்தத் தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் அவளுடைய பெட்டியும் சட்டியும் ரோட்டில் கிடந்தன.